ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸைத் தொடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 14.2 பதிப்பு ஓடுகிறது. நிறுவிய நாளிலிருந்து யாரும் அதில் கை வைக்கவில்லை, பிரச்சினை என்று எதுவும் வந்ததும் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புள்ளிக்குப் பின்னுள்ள எண் மட்டும் கூடும் மைனர் வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஐம்பது, அறுபது பிழைகளைத் திருத்தியதாக அறிவிப்பு. இத்தனை வயதான மென்பொருளில் இன்னும் இத்தனை பிழையா, இதை நம்பி எப்படி டேட்டாவை வைப்பது என்று கேட்கிறீர்கள். ஓடுவதைத் தொடாதே என்பது உங்கள் மேலாளரின் கட்சி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிழைகள் ஏன் தீர்வதே இல்லை என்பது ஒன்று. தொடாமல் விட்டால் ஆபத்தில்லையா என்பது இன்னொன்று. நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இரண்டாவதில்தான் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: 14.2-லேயே இருப்பது, 14-ன் கடைசி மைனருக்குப் போவதைவிட ஆபத்தானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் பல வருடங்களாக டேட்டாபேஸ் நிர்வாகம் பார்ப்பவன். போஸ்ட்கிரெஸின் உள்ளே கோடு எழுதுபவன் அல்ல. வெளியீட்டுக் குறிப்புகளையும், கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதப்படும் கமிட் செய்திகளையும் படித்துவிட்டு இரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஆளின் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகப் பேசுவதைவிட உங்கள் 14.2-ல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிழையையே எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் எழுத்து வேலையை நிறுத்தாமல் இண்டெக்ஸ் (வரிசைகளைச் சீக்கிரம் தேடி எடுக்க உதவும் அட்டவணை) போட 'கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி' என்ற கட்டளையைக் கொடுப்போம். பெரிய டேபிள் என்றால் அது மணிக்கணக்கில் ஓடும். அதுவரை அந்தப் பரிவர்த்தனை (டிரான்சாக்ஷன்) பழைய நிலவரம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் மற்ற டேபிள்களில் சேரும் செத்த வரிசைகளைக்கூட (மாற்றியதாலோ அழித்ததாலோ தேவையற்றுப்போன பழைய ரோக்களை), துப்புரவு செய்யும் வேக்யூமால் துடைக்க முடியாது. 14-ஐ உருவாக்கும்போது இதற்கு ஒரு வழி கண்டார்கள்: இண்டெக்ஸ் போடும் பரிவர்த்தனை ஒரே டேபிளைத்தான் பார்க்கிறது, எனவே வேக்யூம் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த ஒரு டேபிளில்? அதன் மேல் வேக்யூம் ஓடவே முடியாது, இரண்டின் பூட்டும் மோதிக்கொள்ளும். ஆக எல்லாம் சரி என்றுதான் தோன்றியது.

விட்டுப்போனது ஒன்று. போஸ்ட்கிரெஸில் துடைக்கும் வேலையை வேக்யூம் மட்டும் செய்வதில்லை. சாதாரண செலக்ட் ஒன்று ஒரு பக்கத்தைக் கடந்து போகும்போது, அங்கே யாருக்கும் தேவைப்படாத பழைய வரிசைப் பதிப்புகள் இருந்தால் போகிற போக்கில் அவற்றை நீக்கிவிடும். அதற்குப் பெரிய பூட்டு எதுவும் தேவையில்லை. "யாருக்கும் தேவையில்லை" என்று முடிவு செய்ய அதுவும் அதே கணக்கைத்தான் பார்த்தது. இண்டெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவர் அந்தக் கணக்கில் இல்லை. விளைவு, இண்டெக்ஸ் போடப்படும் நேரத்தில் அப்டேட் ஆன சில வரிசைகள் டேபிளில் இருக்கும், இண்டெக்ஸில் இருக்காது. இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் அந்த வாடிக்கையாளரே இல்லை என்று பதில் வரும். டேபிளை முழுதாக வருடினால் இருப்பார். யூனிக் இண்டெக்ஸாக இருந்தால் ஒரே எண் இரண்டு தடவை உள்ளே வந்துவிடவும் கூடும். எரர் வராது, லாகில் ஒரு வரிகூட இருக்காது.

14 வெளியானது 2021 செப்டம்பர் 30-ல். பிழை உறுதியானதும் அடுத்த வழக்கமான வெளியீடான ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் 2022 ஜூன் 16 அன்று 14.4-ஐத் தனியாக வெளியிட்டார்கள். திருத்தம் என்ன தெரியுமா? புதிதாக எதையும் எழுதவில்லை. வேக்யூம் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற அந்த ஏற்பாட்டையே அப்படியே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். வேலை வீணானாலும் பரவாயில்லை, டேட்டா சரியாக இருக்கட்டும் என்ற இந்த மனப்போக்குக்காகத்தான் நான் இந்த டேட்டாபேஸை நம்புகிறேன். உங்கள் மேலாளரின் "பிரச்சினை எதுவும் வரவில்லை" என்பதையும் இந்தப் பிழையை வைத்துப் பாருங்கள். வந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சரி, பிழைகள் ஏன் தீரவில்லை? மேலே சொன்னதே ஒரு வகைக் காரணம்: புதிய வசதி பழைய வசதியோடு மோதும் இடத்தில் பிறக்கும் பிழை. 13, 14 என்று ஆண்டுக்கு ஒரு மேஜர் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றும் பழையவை எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் எனக்கு இதைவிட சுவாரசியமாகப் படுவது, கோடு மாறாமலேயே பிழையாகிவிடும் வகை. டேட்டாபேஸ் நிற்கும் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது.

எஃப்சிங்க் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். எழுதியதை வட்டில் உறுதியாகச் சேர்க்கச் சொல்லி ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்கும் அழைப்பு அது. எரர் வந்தால் மறுபடி கேட்கலாம், அடுத்த முறை வெற்றி என்று வந்தால் எல்லாம் சேர்ந்துவிட்டது என்பதுதான் போஸ்ட்கிரெஸ் வெகுகாலம் வைத்திருந்த அனுமானம். லினக்ஸ் கெர்னல் அப்படி நடந்துகொள்ளவில்லை. எழுத்து தோற்றால் எரரை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கத்தையே "சுத்தம்" என்று குறித்துவிடும். இரண்டாவது முறை கேட்டால் எழுத எதுவும் பாக்கி இல்லாததால் வெற்றி என்று பதில் வரும். அதை நம்பி போஸ்ட்கிரெஸ், அதுவரையிலான மாற்றங்கள் வட்டில் சேர்ந்துவிட்டன என்று குறிக்கும் செக்பாயிண்டை முடிக்கும், மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வால் லாகில் அதற்கு முந்தையது இனி வேண்டாம் என்று விட்டுவிடும். டேட்டா வட்டிலும் இருக்காது, லாகிலும் இருக்காது. 2018-ல் இது வெளிச்சத்துக்கு வந்து, 2019 பிப்ரவரியில் 11.2-லும் அப்போது ஆதரவில் இருந்த பழைய பதிப்புகளிலும் திருத்தினார்கள். இப்போது எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாது. பேனிக் ஆகி நின்று, லாகிலிருந்து மீண்டெழும். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அதுதான் சரி.

அதே 2018-ல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய டெக்ஸ்ட் இண்டெக்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றியதும் தப்பான வரிசையில் நிற்கிறது; தேடினால் கிடைக்காது. இதில் போஸ்ட்கிரெஸின் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. சிஸ்டத்தோடு கட்டுப்படாத வரிசைமுறை ஒன்றைப் பதிப்பு 17-ல் உள்ளேயே சேர்த்ததற்குப் பின்னால் இந்தத் தலைவலிக்கும் பங்கு உண்டு.

அப்புறம், தேடும் கருவிகள் கூர்மையாகிவிட்டன. 2020-ல் ஜெப்சன் என்ற சோதனைக் குழு போஸ்ட்கிரெஸ் 12.3-ஐ ஆராய்ந்து, ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல் விளைவு தர வேண்டிய சீரியலைசபிள் தனிமை நிலையில் ஒரு ஓட்டையைக் காட்டியது. அந்த வசதி 2011-ல் 9.1-ல் வந்தது. ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. எஸ்க்யூஎல்லைட் என்ற இன்னொரு டேட்டாபேஸைப் பாருங்கள்: கோடின் அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சோதனைக் கோடு வைத்திருக்கும் திட்டம் அது. அதிலேயே 2000-ல் எழுதிய ஒரு பகுதியில் 2022 ஜூலையில் பிழை திருத்தினார்கள். இரண்டு ஜிபி நீளத்துக்கு ஒரு எழுத்துச் சரம் உள்ளே வந்தால்தான் அது வெடிக்கும். எழுதிய காலத்தில் பெரும்பாலான மெஷின்களில் அவ்வளவு பெரிய சரம் வர வழியில்லை, பிற்பாடு வந்தது. ஆகவே ஒரு காலாண்டில் திருத்தங்களின் எண்ணிக்கை கூடினால் மென்பொருள் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த வகைப் பிழை, எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

உங்களை அதிகம் பாதிப்பது திருத்தங்கள் எப்படி உங்களிடம் வந்து சேர்கின்றன என்பது. பேட்ச் (திருத்தக் கோடு) யாரும் அனுப்பலாம். அதை மூலக் கோடில் சேர்க்கும் உரிமை முப்பது பேர் அளவிலான கமிட்டர்களுக்கு மட்டும்தான். புதிய வசதிகளுக்கான பேட்சுகளை ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று ஐந்து தவணைகளில் கூடிப் பார்ப்பார்கள். ஏப்ரலில் கதவைச் சாத்திவிட்டு, பீட்டாக்களுக்குப் பிறகு செப்டம்பர் வாக்கில் மேஜர் வெளியீடு. ஒரு கமிட் உள்ளே போன சில மணி நேரத்தில், தன்னார்வலர்கள் ஓட்டும் பலவகை மெஷின்கள் அதைக் கட்டி, சோதித்து, தோற்றால் சிவப்பாகக் காட்டும். பில்ட்ஃபார்ம் என்பார்கள். பண்ணை என்ற பெயருக்கு ஏற்ப அந்த மெஷின்களுக்கு விலங்குகளின் பெயர்கள். எங்கோ மூலையில் பழைய சிபியு ஒன்றில் மட்டும் தோற்கும் சோதனையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் மல்லுக்கட்டுவதைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

மைனர் வெளியீட்டுக்கான விதி வேறு, அது இறுக்கமானது. பிழைத் திருத்தம், பாதுகாப்புத் திருத்தம், டேட்டா கெடும் பிரச்சினைகள், இவ்வளவுதான். புதிய வசதி கிடையாது. வட்டில் டேட்டா இருக்கும் வடிவம் மாறாது. சர்வரை நிறுத்தி, பைனரிகளை மாற்றி, மறுபடி ஏற்றினால் முடிந்தது. டேட்டா முழுவதையும் டம்ப் எடுத்து (கோப்பாக வெளியே எழுதி) மறுபடி ஏற்றும் வேலை இல்லை. பிழை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதைக்கூட, திருத்தினால் யாருடைய புரோகிராமாவது நடத்தை மாறும் என்றால் பழைய பதிப்புகளில் தொடாமல் விட்டுவிட்டு அடுத்த மேஜரில் மட்டும் மாற்றுவது உண்டு. இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் மைனரை ஏற்றுங்கள் என்று நான் தயங்காமல் சொல்கிறேன். பழைய மைனரில் தங்குவது ஏற்றுவதைவிட ஆபத்து என்பதுதான் போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் அதிகாரபூர்வமான நிலைப்பாடும்.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோடு திறந்து கிடக்கிறது. எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். திருத்தம் வெளியான நாளே ஓட்டையும் வெளியாகிறது. 14.2-க்குப் பிறகு திருத்தப்பட்ட ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் உங்கள் சர்வரில் விளக்கவுரையோடு திறந்து கிடக்கிறது என்று மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள்.

மைனர்கள் தவறே செய்யாது என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 14-ல் வந்த 17.1-ம் அதே நாளில் வந்த 14.14 உள்ளிட்ட மற்றவையும் உள்ளே ஒரு ஸ்ட்ரக்சரின் அளவை மாற்றிவிட்டன. அதற்கு முன் கட்டப்பட்டிருந்த சில எக்ஸ்டென்ஷன்கள் (போஸ்ட்கிரெஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பாதிக்கப்படும் நிலை. டைம்ஸ்கேல்டிபி அதில் முக்கியமானது. ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி, 17.2-ம் 14.15-ம் வந்து அதைச் சரிசெய்தன. 2025 பிப்ரவரியில் 17.3-ன் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வேறொன்றைக் கெடுக்க, அடுத்த வாரமே 17.4 வந்தது. அதனால் நான் வெளியான அன்றே புரொடக்ஷனில் ஏற்றுவதில்லை. பத்து நாள், இரண்டு வாரம் விடுகிறேன். அவசரமான ஓட்டை என்றால் மட்டும் விதிவிலக்கு. இது என் பழக்கம்தான், விதி என்று எங்கும் எழுதப்படவில்லை. வேறு அனுபவசாலி ஒருவர் வேறு கணக்கு சொல்லலாம்.

பின்னால் கம்பெனி இல்லாத இலவச மென்பொருளுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். கம்பெனி இருந்தால் பிழை சீக்கிரம் தீரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்பெனி நடத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 199-ஆம் எண் பிழை 2003-ல் பதிவானது: அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில், தானாகக் கூடிக்கொண்டே போகும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண் நினைவகத்தில் மட்டும் இருந்ததால், கடைசி வரிசைகளை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் அழித்த எண்ணே புதியவருக்கும் போய்விடும். அது தீர்ந்தது 2018-ல், 8.0-ல்தான். இடையில் அந்த நிறுவனம் சன்னுக்கும் பிறகு ஆரக்கிளுக்கும் கைமாறியது. அதற்காகக் கம்பெனி மோசம், சமூகம் உசத்தி என்றும் நான் சொல்லவில்லை. எஸ்க்யூஎல்லைட்டைச் சின்னக் குழு ஒன்றுதான் நடத்துகிறது, வெளியார் கோடை வாங்குவதில்லை, 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸில் மேஜர் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. உங்கள் 14-க்கு அது 2026 நவம்பரோடு முடிகிறது.

என்னால் உறுதி சொல்ல முடியாத இடங்களும் உண்டு. உங்களிடம் என்னென்ன எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. வெளியிலிருந்து நிறுவியவை இருந்தால் அவற்றின் தயாரிப்பாளர் அந்த மைனரோடு சோதித்திருக்கிறாரா என்று தனியாகப் பாருங்கள். குவெரிகளின் வேகம் மாறுமா என்றால், மைனரில் மாறுவது அரிது. ஆனால் குவெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பிளானரில் ஒரு பிழையைத் திருத்தும்போது ஏதோ ஒரு குவெரியின் திட்டம் மாறவே மாறாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் கனமான குவெரிகள் சிலவற்றை டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

வேலைக்கு வருவோம். 14.2-லிருந்து கடைசி 14-க்கு நேராகத் தாவலாம், ஒவ்வொன்றாக ஏற வேண்டியதில்லை. ஆனால் இடையில் உள்ள எல்லா வெளியீட்டுக் குறிப்புகளின் முதல் பகுதியையும் படியுங்கள். ஏற்றிய பிறகு கையால் செய்ய வேண்டியவை அங்கேதான் இருக்கும். உதாரணமாக 14.10 சில வகை இண்டெக்ஸ்களை மறுபடி கட்டச் சொல்கிறது. 14.12-ல் உள்ள ஒரு பாதுகாப்புத் திருத்தம் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்குத்தான் தானாக வரும். ஏற்கெனவே இருப்பவற்றில் கூடவே தரும் ஸ்கிரிப்டை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். முதன்மை சர்வரைப் பின்தொடரும் நகல் சர்வர் (ரெப்ளிகா) இருந்தால் அதை முதலில் ஏற்றுங்கள், முதன்மை சர்வர் (பிரைமரி) பிறகு. கன்கரன்ட்லி கொடுத்துக் கட்டிய இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவது ஏற்றிய பிறகுதான், 14.2-லேயே 'ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி' கொடுத்தால் அதே பிழை மறுபடி புகுந்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். இரண்டையும் ஒரே இரவில் செய்தால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அடுத்த மேஜருக்குப் போவதையும் தனித் திட்டமாக வையுங்கள், அதற்கு ஒத்திகை வேண்டும்.

மேலாளரிடம் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டேட்டாபேஸின் நகல் ஒன்றில் பிஜி ஆம்செக் கருவியை, டேபிளின் ஒவ்வொரு வரிசையும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் 'ஹீப் ஆல் இண்டெக்ஸ்ட்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். 14-ன் கூடவே வருவதுதான். நகல், டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே எடுக்கும் பேஸ் பேக்கப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். டம்ப் எடுத்து ஏற்றிய நகலில் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், ஒரு பிழையும் தென்படாது. நகல் ஓடும் மெஷினில் அதே ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் வரிசைமுறை மாறி, இல்லாத பிழைகளைக் காட்டும். 14-ல் அது, வழக்கமாகப் போடப்படும் பீ-ட்ரீ வகை இண்டெக்ஸ்களை மட்டுமே சரிபார்க்கும். ஜின், ஜிஸ்ட் போன்ற வேறு வகை இண்டெக்ஸ்கள் இருந்தால் சோதிக்க வழியில்லை, ஏற்றிய பிறகு அவற்றை நேராக மறுபடி கட்டிவிடுங்கள். ஏதாவது ஒரு இண்டெக்ஸில் வரிசை விடுபட்டதாக வந்தால் அந்த அவுட்புட்டையே மேலாளர் முன்னால் வையுங்கள், எண்களையும் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.